பாசிக்காடு

நீச்சல் அறியாதவள் நான். நெய்தல் திணையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் ஒரு தமிழாசிரியை இதை எழுதச் சற்றே நாணுகிறாள்.

அவிநாசியைச் சுற்றிய தோட்டக் கிணறுகளில் என் அண்ணன்மார் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினர். மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஓராள் ஆழம் போனால் உடம்பு விறைத்துப்போகும் என்று அவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. பெண்பிள்ளைக்கு அக்குளிர்ச்சி வாய்க்கவில்லை. முதலை உண்ட பாலனைச் சுந்தரர் பாடி மீட்ட கதை எங்கள் ஊருக்கு உரியது. எங்கள் நன்னிமாவோ அக்கதையில் முதலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்களைக் குளத்தின் பக்கமே அண்டவிடாமல் செய்துவிட்டார்!

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் ஓர் ஆவணப்படத்தைக் காட்டினாள். 2020-இல் வெளிவந்து, 2021-இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ என்பது அது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர், முதுகில் காற்று உருளையோ உடலில் குளிர்தாங்கும் உடையோ இன்றி, கரையிலிருந்தே கடலுள் இறங்கி மூழ்குகிறார். நீரின் வெப்பம் சில நாட்களில் 8, 9 டிகிரிதான். அங்கே கெல்ப் என்னும் பெரும்பாசிகள் பாறையைப் பற்றி எழுந்து, நீர்மட்டம் வரை ஒரு தோப்பைப் போல் நின்று அசைகின்றன. குளிர்ந்த கடலிலேயே வளரும் காடு அது. கலிபோர்னியக் கரையில் உள்ள ஓரினம் ஒரே நாளில் ஓரடிக்கு மேலும் வளரக்கூடியது. அலை மோதும் பாறைகளினூடே இறங்குவதும் மீண்டும் கரையேறுவதும் அங்குப் பெரும்பாடு. உள்ளே கொடி காலைச் சுற்றினால் உதறலாகாது, நிதானமாய் விலக்க வேண்டும் என்பர்.

“நம்ம பக்கம் இப்படி யாரும் இறங்குறதில்லையாம்மா?” என்றாள் மகள்.

விடை எங்கள் அடுக்களையிலேயே இருந்தது. நோன்பு திறக்கும் வேளையில் நம் இல்லங்களில் கடல்பாசி இல்லாத தட்டு உண்டா? பாலும் சர்க்கரையும் கூட்டிக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுகிறோமே, அந்த வெண்ணார் மரிக்கொழுந்துப் பாசி முதலான கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் அப்பாசியை மூழ்கிப் பறிப்பவர்கள் பெண்கள்.

‘குளித்தல்’ என்றால் மூழ்குதல் என்பதே பழம்பொருள். முத்துக்குளித்தல் என்ற சொல்லில் அப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. கொற்கை முத்தைச் சங்கப்பாடல்கள் போற்றின. பாசி குளிக்கும் பெண்களைப் பாட எந்தப் புலவரும் முன்வரவில்லை என்பது என் குறை. 1986-இல் அக்கடற்பகுதியின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறையாய்ப் பாசி எடுத்த இடங்கள் அவர்களுக்குத் தடையாயின. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவர் அப்பெண்களை ஒன்றுதிரட்டினார். மாதத்தில் 12 நாட்களே பறிப்பது, அதுவும் கையாலேயே பறிப்பது என்று தாமே வரம்பு கட்டிக்கொண்டனர். 2015-இல் அவருக்கு சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது.

துறை மாணவியரோடு இராமேசுவரம் சென்றபோது பாம்பன் கரையில் இறங்கினேன். அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார், சேலைக்கு மேல் சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையோடு கரையேறிக்கொண்டிருந்தார். துணியை அவிழ்த்தபோது விரல்களைப் பார்த்தேன். பாறையும் சிப்பியும் கிழித்த தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“பயமா இருக்காதா அக்கா?”

“மூச்சு நம்மகிட்டதான இருக்கு டீச்சர். பயந்தா அது சீக்கிரம் தீந்துரும்” என்றார்.

பிறகு தம் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். மாணவியர் சிரித்தனர். புடவையோடு இடுப்பளவு நீர் வரை நடந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ள, முகத்தை நீருள் அமிழ்த்தினேன். கெல்ப் அன்று, அதன் தூரத்து உறவான கட்டக்கோரை, முழங்கால் உயரத்திற்கு மஞ்சளும் பழுப்புமாய், அலை போகும் பக்கமெல்லாம் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு சிறுமீன் அதற்குள் நுழைந்து மறைந்தது. நாற்பத்தாறு வயதில், முதன்முறையாக நீருக்குள் கண் திறந்திருந்தேன். கொடியொன்று கணுக்காலைச் சுற்றவும் பதறி உதறினேன். அவர் குனிந்து, பூத்தொடுப்பவர் நார் பிரிப்பதுபோல் அதைப் பிரித்துவிட்டார்.

கரைக்கு வந்தபின் எங்கள் நோன்புக்காலக் கடல்பாசியைப் பற்றிச் சொன்னேன். வியப்போடு கேட்டிருந்தவர், “கடையில என்ன விலைக்குக் குடுக்குறாங்க?” என்றார்.

சொன்னேன்.

“கிலோவா?”

“இல்லை அக்கா, சிறு பொட்டலம்.”

அவர் மீண்டும் ஒருமுறை கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல், வலைப்பையைக் கவிழ்த்து, ஈரப்பாசியை மணலில் பரப்பத் தொடங்கினார்.