தாத்தா முகம்

எங்கள் வீட்டில் தாத்தாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான். பாஸ்போர்ட் சைஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அதுவும் நனைந்துவிட்டது. ஆயா விசிறி விசிறிக் காய வைத்தாங்க.

நான் செல்போனில் அதைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அத்தைக்கு அனுப்பினார். திதிக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் முகமே கலங்கலாக இருந்தது. “இது உங்க தாத்தா இல்லடி” என்றாங்க ஆயா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூந்தமல்லி ஜெராக்ஸ் கடை அண்ணா காரணம் சொன்னார். “ஜேபெக் ஃபைல் இடத்தை மிச்சம் பிடிக்கச் சில விவரங்களை விட்டுடும். திரும்பத் திரும்பச் சுருக்கினா இன்னும் போகும். டிஃப் ஃபைல் பெரிசு, ஆனா சுருக்காம வச்சா விவரம் குறையாது.”

பிறகு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தார். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள். 300-ஐ விட நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு. ஆக மொத்தம் நான்கு மடங்கு! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாத்திருக்கிறதாம்.

புதுப் படத்தில் தாத்தாவின் புருவத் தழும்பு தெரிந்தது. ஆயா அதைத் தொட்டுப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை.

நண்பர்களே, அடுத்த மழைக்கு முன்னே உங்கள் வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்துவிடுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி