ஆப்பும் கரையும்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. விடிந்து கதவைத் திறந்தால் புதுச்சேரியில் எங்கள் குருசுக்குப்பத்தில் தெரு இருந்த இடமே தெரியவில்லை. ஓடும் தகரமும் முறிந்த கிளையுமாகக் கிடந்தது. எங்கள் சந்துக்குக் குறுக்கே ஒரு பழைய வேப்பமரம் சாய்ந்திருந்தது. கிளைகளை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் போட்டுவிட்டோம், அடிமரம்தான் அசையவில்லை. மரம் அறுக்கும் மெஷின்களெல்லாம் பெரிய சாலைகளுக்குப் போய்விட்டன. சந்துக்குள் யார் வருவார்கள்?

குப்பத்துப் பையன்கள் கோடாலியோடு இறங்கினார்கள். வலை இழுத்து உரமேறிய கைகள், பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓங்கிப் போட்ட கோடாலி கட்டையில் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கி எடுக்கவே பாதி நேரம் போனது. வெயில் ஏறிய பிறகு விறகு பிளந்தே பிழைத்த ஒரு பெரியவர் வந்தார். என்னைவிட மூத்தவர், ஒடிசலான உடம்பு. வந்ததும் வேலையில் இறங்கவில்லை. கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெட்டுமுகத்தைத் தடவிப் பார்த்து, மயிரிழை போல ஓடிய ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். சாக்கிலிருந்து இரும்பு ஆப்பை எடுத்து அதில் வைத்து லேசாகத் தட்டினார். ஆப்பு தானாக நின்ற பிறகுதான் சம்மட்டியைத் தூக்கினார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மரம் ‘மொறுக்’கென்று முனகி ஓய்கிற வரை காத்திருந்தார். வெடிப்பு நீண்டதும் சற்றுத் தள்ளி இன்னொரு ஆப்பு. அது இறங்க இறங்க முதல் ஆப்பு தளர்ந்து கையோடு வந்துவிட்டது.

“இன்னும் ஓங்கிப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே தாத்தா?” என்றான் ஒருவன்.

“நான் எதுக்குத் தம்பி பொளக்கணும்? ஆப்பு பொளக்கும். அதை உள்ளே அனுப்புறது மட்டுந்தான் நம்ம வேலை” என்றார் அவர்.

நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். அவர் சொன்னதைத்தான் கரும்பலகையில் சூத்திரமாக எழுதிப் போட்டுவந்தேன். 20 சென்டிமீட்டர் நீளமும் தலைப்பக்கம் 4 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஆப்பு முழுவதும் இறங்கினால், மரம் 4 சென்டிமீட்டர்தான் விலகும். ஐந்து பங்கு தூரம் நாம் நடந்து கொடுக்கிறோம். பதிலுக்கு ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் கிடைக்கிறது. கீழ்நோக்கி அடித்த அடி இரண்டு பக்கமும் தள்ளுகிற விசையாகத் திரும்பியும் விடுகிறது. சம்மட்டியின் பங்கு தனி. 5 கிலோ சம்மட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தன் எடையால் விழுந்து, ஆப்பை ஒரு சென்டிமீட்டர் இறக்கி நின்றால், அந்த ஒரு சென்டிமீட்டரில் சராசரியாக 500 கிலோ எடைக்குச் சமமான விசை வேலை செய்கிறது. ஆப்பு அதை ஐந்து மடங்காக்குகிறது. உராய்வு பாதிக்கு மேல் தின்றுவிட்டாலும் ஆயிரம் கிலோ மிஞ்சும். உராய்வைக் குறை சொல்லவும் முடியாது. அது பிடித்துக்கொள்ளாவிட்டால் அடித்த ஆப்பு வெளியே துள்ளி விழும். மொத்த வேலையில் ஒரு துளிகூட இலவசமாக வருவதில்லை. பெரிய விசை வேண்டுமானால் அதிக தூரம் போக வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். பலசாலிப் பையன்களிடம் இல்லாமல் அந்தப் பெரியவரிடம் இருந்தது அதுதான்.

ஆப்பு என்பது நகர்கிற சாய்தளம். திருகாணி என்பது தண்டைச் சுற்றி ஏறும் சாய்தளம். மாமல்லபுரத்துப் பாறைகள் சிலவற்றில் வரிசையாகக் குழி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழிகளில் ஆப்பிறக்கித்தான் கல்லைப் பிளந்தார்கள்.

எங்கள் குப்பத்தில் இவை எல்லாவற்றிலும் பெரிய சாய்தளம் ஒன்று இருந்தது. நான் சிறுவனாக ஓடிய காலத்து மணற்கரைதான் அது. 20 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் உயருகிற சரிவில், 500 கிலோ படகை ஏற்றப் புவியீர்ப்புக்கு எதிராக 50 கிலோ அளவு இழுத்தால் போதும். மணலின் உராய்வைச் சமாளிக்க அடியில் உருளைக் கட்டை கொடுப்பார்கள். ஏலேலோ போட்டுப் பத்துப் பேர் இழுத்தால் படகு மேலே வந்துவிடும்; கிழவரும் சிறுவரும்கூடக் கை கொடுக்கலாம். கரை அலைக்கும் அதே உதவியைச் செய்தது. மெல்லிய சரிவில் ஏறும் அலை, நெடுந்தூரம் உடைந்து உடைந்து தன் ஆற்றலைச் செலவழித்துவிட்டுத் திரும்பும்.

1980களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவரின் தெற்குப் பக்கம் மணல் தேங்கியது, வடக்கே எங்கள் பக்கம் கரை கரைந்தது. பிறகு கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். வீடுகளைக் காப்பாற்ற அப்போது வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பாறைச் சுவர் மணற்கரையைவிட மிகச் செங்குத்தாக நிற்கிறது. தூரம் கிடைக்காத அலை மொத்த வேகத்தையும் அங்கேயே மோதிவிட்டு, திரும்பும்போது சுவரின் அடிமணலை வாரிக்கொண்டு போகிறது. படகை ஏற்றச் சரிவும் இல்லை. வயதானவர்கள் தொழிலை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகால் செய்த ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அதன் வடிவமும் ஆப்புதான். அலை அதன் மேல் ஏறி முன்கூட்டியே உடைகிறது. உள்ளே வரும்போது சாதுவாகிவிடுகிறது. ஊர்க்காரர்கள் மறந்தே போயிருந்த மணல் அந்த இடத்தில் திரும்பி வந்ததையும், குழந்தைகள் அதில் உட்கார்ந்து விளையாடுவதையும் கண்ணால் பார்த்தேன். கடலோடு மல்லுக்கு நிற்காமல் அதற்குச் சற்றுத் தூரம் கொடுத்த வேலை அது.

அது ஒன்று போதாது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு, துறைமுகத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதை ஆண்டுதோறும் விடாமல் செய்ய வேண்டும். குருசுக்குப்பத்துக்கு அடுத்து எந்தத் திட்டம் வந்தாலும் இன்னொரு லாரி பாறையைக் கேட்காதீர்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். மணலைக் கேளுங்கள், சரிவைக் கேளுங்கள்.