எங்கள் வீட்டில் ஒரு 'பே'

"என்னலே, மச்சுல பேய் செய்றியாமே?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டபோதுதான், என் தங்கை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. பேய் இல்லை நண்பர்களே, 'பே'! எலெக்ட்ரானிக்ஸ் பே. ராக்கெட்டின் நடுவயிற்றில் இருக்கும் ஒரு சின்ன அறை. உயரம் பார்க்கும் சர்க்யூட், பேட்டரி, சுவிட்ச் எல்லாம் அதற்குள்தான்.

எனக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. ராக்கெட் என்றால் எங்கள் ஊரில் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். காகிதக் குழாய், மருந்து, திரி, ஒரு குச்சி. அவ்வளவுதானே! எங்கள் குழு செய்வது ஹை பவர் மாடல் ராக்கெட். மோட்டாரின் மொத்த உந்தம் 160 நியூட்டன்-செகண்டைத் தாண்டினால் அமெரிக்க ராக்கெட் கிளப்புகள் அந்தப் பெயர் வைக்கின்றன. நம் நாட்டில் 1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம் இருக்கிறது. மோட்டாரில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை, வைக்கவும் கூடாது. அதெல்லாம் லைசென்ஸ் உள்ளவர்கள் பாடு. மெக்கானிக்கல் நண்பர்கள் குழாயும் இறக்கையும் எடுத்துக்கொள்ள, ஈ.சி.ஈ. என்பதால் 'பே' என் தலையில் விழுந்தது.

விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். அப்பா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"மருந்துப் பக்கம் வரக்கூடாதுன்னுதான் உன்னைப் படிக்க வச்சேன். அங்க போயும் ராக்கெட்டாலே?"

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? 2021 பிப்ரவரி 12ஆம் தேதி, பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் போனார்கள். அன்றிலிருந்து அப்பா வேலைக்குக் கிளம்பினால் அம்மா வாசல் வரை வந்து நிற்பாள். "மருந்து இல்லப்பா, வெறும் சர்க்யூட்டு" என்று சமாளித்தேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை! ராக்கெட் உச்சிக்குப் போனதும் பாராசூட்டை வெளியே தள்ள ஒரு சிட்டிகை மருந்து வேண்டும். அதைக் கொளுத்த உத்தரவு கொடுப்பதே இந்தப் 'பே'தான்.

வேலை செய்யும் விதம் சுலபம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். தரைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய எட்டு மீட்டருக்கு ஒரு மில்லிபார். சென்சார் அதை நொடிக்குப் பல தடவை படிக்கும். குறைந்துகொண்டே வந்த அழுத்தம் திரும்பக் கூட ஆரம்பித்தால் உச்சி தாண்டிவிட்டது என்று அர்த்தம். வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே தெரிய, அறையைச் சுற்றிச் சம தூரத்தில் மூன்று துளைகள் போட்டேன். துளையில் பிசிறு இருந்தால் கணக்குத் தப்பும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சோதனை எப்படி? சர்க்யூட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூடியில் ஒரு டியூப் சொருகி மெழுகால் அடைத்து, தங்கையை உறிஞ்சச் சொன்னேன். 200 மீட்டர் ஏறிவிட்டாள்! வாயை எடுத்ததும் மருந்துக்குப் பதிலாக நான் கோத்திருந்த டார்ச் பல்பு பளிச்சென்று எரிந்தது. "அண்ணே, நான் ஸ்ரீஹரிகோட்டா" என்று அவள் குதித்ததில் டப்பா உடைந்தது வேறு கதை.

எல்லாம் முடிந்தது என்று மார்தட்டிக்கொண்டு, 'பே'யை எக்செல் வண்டியின் கேரியரில் கட்டிச் சாத்தூர் ரோட்டில் ஓட்டினேன். ரோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்து மெமரி கார்டைப் பார்த்தால், பதிவு மூன்று இடத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தது. மூன்று தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது. ஒன்பது வோல்ட் பேட்டரியின் கிளிப், குலுக்கலில் கணநேரம் விட்டுவிட்டுப் பிடித்திருக்கிறது. ஆகாயத்தில் அப்படி ஆகியிருந்தால் பாராசூட் வராது. ராக்கெட் குத்தீட்டி மாதிரி யார் தலையிலாவது இறங்கும்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. 2010 டிசம்பர் 25 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்-06 கிளம்பிய 47.8 நொடியில் கோளாறு ஆரம்பித்தது. மேலே எக்விப்மென்ட் பேயில் இருந்த கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. அதன் உத்தரவைக் கீழே முதல் கட்டத்துக்குக் கொண்டுபோன கனெக்டர்கள், 292ஆவது நொடியில் பிரிய வேண்டியவை, முன்னாலேயே பிடுங்கிக்கொண்டன. பத்து கனெக்டர்! வங்கக் கடலுக்கு மேல் ராக்கெட் சிதறியது. டி.வி.யில் வந்த அந்தப் பழைய படத்தைப் பார்த்துவிட்டு என் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தேன். ஒயரை நேராகப் பற்றவைத்தேன். பேட்டரியை டை போட்டு இறுக்கி, மேலே கிளம்பும் விசை அதை அதன் பலகையோடு அமுக்கும்படி திருப்பி வைத்தேன்.

அன்று ராத்திரி அப்பா மச்சுக்கு வந்தார். பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தார். கையால் தொடவில்லை.

"இதை எங்க அணைக்கிறது?"

"உள்ள சுவிட்ச் இருக்குப்பா."

"உள்ளயா? மருந்து வச்சு மூடுன பிறகு நிப்பாட்டணும்னா திறந்தா பார்ப்ப? எங்க மருந்து ரூம்ல நுழையுறதுக்கு முன்னாடி வாசல்லயே செப்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போவோம். உள்ள போயி இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நான் மறைத்த மருந்தை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்! அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் தலை குனிந்தேன். அவர் திட்டவில்லை. "மருந்து கடைசி. எல்லாம் மூடி, நட்டு நிறுத்தி, ஆள் எல்லாம் விலகுன பிறகுதான் உசிரு குடுக்கணும்" என்றார்.

மறுநாள் குழாயின் வெளிப்பக்கம் ஒரு துளை போட்டுச் சாவி சுவிட்ச் பொருத்தினேன். சாவி இருந்தால்தான் மருந்துப் பக்கத்து இணைப்புக்குக் கரண்ட் போகும். இரண்டு தடவை பூட்டித் திறந்து அப்பாவிடம் காட்டினேன். பல்பு எரிந்து அணைந்தது.

பறக்கவிடும் நாளுக்கும் அனுமதிக்கும் குழு காத்திருக்கிறது. 'பே' அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், பரணில் இருக்கிறது. சாவி மட்டும் அங்கே இல்லை. அப்பா சட்டைப் பையில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது மறக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார்.

— இறுதியாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்புப் பொறியியல் துறை