பாட்டியின் கூறைப்புடவை

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பென்சில் ஓவியம் உள்ளது. அதில் மனித உருவம் இல்லை, வண்ணமும் இல்லை. ஒரு பட்டுப்புடவையின் முந்தானை மட்டுமே உண்டு. வரைந்தவள் என் அக்கா.

காஞ்சிபுரத்தில் நெய்த அந்தக் கூறைப்புடவையுடன்தான் பாட்டி மணமகளாகச் சித்தூருக்கு வந்தார். பிற்காலத்தில் தாத்தா நோயுற்றபோது, சரிகையிலிருந்த வெள்ளிக்காக அதனை விற்க நேர்ந்தது. அதன் நிழற்படம்கூட எஞ்சவில்லை. ஆகவே, பாட்டி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அக்கா பல நாள் வரைந்தாள்.

"வண்ணம் தீட்டவில்லையே!" என்று நான் குறை கூறினேன்.

"முதலில் கோடு சரியாகட்டும்" என்றாள் அக்கா.

அவ்வாண்டு கோடை விடுமுறையில் திருப்பதிக்குச் சென்றோம். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள திருக்காளத்திக்கும் போனோம். ஸ்ரீகாளஹஸ்தி என இன்று வழங்கும் அவ்வூர் கலம்காரித் துணிகளுக்குப் புகழ்பெற்றது. 'கலம்' என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீகச் சொல்.

ஓவியர் ஒருவர் தரையில் அமர்ந்திருந்தார். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்திய துணி அவர்முன் விரிந்திருந்தது. சுட்ட புளியங்குச்சியின் கரியால் ஒரு தேவியின் ஆடையை அவர் மெல்ல வரைந்தார். பின்னர், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கருஞ்சாயத்தில் மூங்கில் எழுதுகோலைத் தோய்த்து, அதே கோடுகளின்மேல் எழுதினார்.

"கரிக்கோடு பிறகு மறைந்துவிடும். ஆனால், அது தவறினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது" என்று தெலுங்கில் கூறினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீடு திரும்பியதும் ஓவியத்தின் அருகே சென்று நின்றேன். அன்றுவரை நான் அதனை உற்றுப் பார்த்ததே இல்லை. தாழம்பூ ரேக்கின் ஒவ்வொரு முனையும் ஊசிபோல் கூர்மையாக இருந்தது. சரிகை மின்னும் இடங்களில் பென்சில் படவே இல்லை; தாளின் வெண்மையே ஒளியாகியிருந்தது. ஓர் அன்னத்தின் கழுத்தருகே மட்டும் தாள் நைந்திருந்தது. "இன்னும் சற்று வளையும்" என்று பாட்டி சொன்னபோதெல்லாம் அக்கா அழித்து அழித்து வரைந்த இடம் அது.

வரைந்து முடித்த நாளில் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பட்டைத் தடவுவதுபோல் அத்தாளை விரல் நுனியால் ஒருமுறை தடவினார்.

இன்று பாட்டி இல்லை. அப்புடவை அரக்கு நிறம் என்று அவர் சொல்லியிருந்தார். ஓவியத்தின்முன் நிற்கும்போது அந்நிறம் எனக்குத் தெரிகிறது.