சிக்னல் இல்லாத ஊரில் ஒரு செல்லான் பாடம்



டிராஃபிக் ஃபைன் கட்டாமல் தப்பிப்பது எப்படி என்று எழுதப்போகிறேன் என்றதும் தங்கமணி விழுந்து விழுந்து சிரித்தார். "கேம்பல் பேயில உக்காந்துகிட்டு டிராஃபிக் பத்தி எழுதுற ஒரே ஆள் நீங்கதான்" என்றார். நியாயமான சிரிப்புதான் :-)

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேம்பல் பே இருப்பது கிரேட் நிக்கோபார் தீவில். இந்தியாவின் தென்கோடி எது என்று கேட்டால் பள்ளிக்கூட ஞாபகத்தில் கன்னியாகுமரி என்போம். அதற்கும் தெற்கே, இதே தீவில்தான் இந்திரா பாயின்ட் இருக்கிறது. 1969-லிருந்து முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களை அரசாங்கம் இங்கே கொண்டுவந்து குடியேற்றியது. பஞ்சாபி, மராத்தி, மலையாளி, தெலுங்கர், நம்ம ஆட்கள் என்று கலந்துகட்டிய ஊர்.

பேர் சொல்லும்படி ரோடு இரண்டுதான். ஒன்று கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போகிற நார்த்-சவுத் ரோடு. 2004 டிசம்பர் 26 சுனாமி அதைத் துண்டு துண்டாக்கிவிட்டது. இன்னொன்று காட்டுக்குள்ளே போகிற ஈஸ்ட்-வெஸ்ட் ரோடு. சிக்னல் விளக்கு? ஒன்றுகூட இல்லை. எதிரே வருகிற வண்டிக்காரர் பாதிப்பேர் தெரிந்தவர்கள், கை காட்டிவிட்டுப் போவார்கள். குறுக்கே வருவது மாடு, நாய், நடுரோட்டில் பஞ்சாயத்து வைக்கும் குரங்குக் கூட்டம்.

இப்படிப்பட்ட ஊரில் ஃபைன் பயம் எங்கிருந்து வரும்? வராது. பிரச்சினையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

இங்கே வேலை பார்க்கிற நண்பர் ஒருவர், நாகர்கோவில்காரர். லீவில் சென்னைக்குப் போனார். தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினார். பின்னால் உட்கார்ந்த மனைவிக்கு ஹெல்மெட் இல்லை என்று ஒரு செல்லான். ஸ்டாப் லைனைத் தாண்டி நின்றதற்கு இன்னொன்று. இரண்டும் தம்பி போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாகப் போய்ச் சேர்ந்தன. "அண்ணே, சொந்தக்காரன்னு வண்டி குடுத்தா இப்படியா?" என்று தம்பி கேட்டாராம். சென்னையில் 2022 மே மாதத்திலிருந்தே பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கெடுபிடி அதிகம் என்பது நண்பருக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். கைதான் மறந்துவிட்டது. இத்தனை வருஷம் யாரும் கேட்காத ரோட்டில் ஓட்டிய கை அல்லவா!

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பழக்கம் உருவாவது யாரும் பார்க்காத ரோட்டில். பில் வருவது யாரோ பார்க்கிற ரோட்டில்.

பில் எவ்வளவு என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. சீட் பெல்ட் 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 1,000 முதல் 5,000 வரை. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10,000 வரை, ஜெயிலும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 வரை. இது மத்திய சட்டத்தின் கணக்கு. ஸ்பாட்டில் வாங்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் மக்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. துபாயில் சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 1,000 திர்ஹாம், மேலே 12 கறுப்புப் புள்ளி. 24 சேர்ந்தால் லைசென்ஸ் போச்சு. சிங்கப்பூரிலும் 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். ஃபின்லாந்தில் வருமானத்துக்கு ஏற்ற ஃபைன். 2002-ல் ஒரு நோக்கியா அதிகாரிக்கு, 50-ல் போகவேண்டிய இடத்தில் 75-ல் பைக் ஓட்டியதற்காக 1,16,000 யூரோ தீட்டினார்கள். அவர் வருமானம் குறைந்துவிட்டது என்று பிறகு தொகையைக் குறைத்தார்கள் என்பது வேறு கதை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். யாரும் பார்க்காத ரோட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியவை:

ஹெல்மெட், கொக்கியோடு. தலையில் கவிழ்த்தால் மட்டும் போதாது, ஸ்ட்ராப் மாட்டவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும். சரியாகப் போட்ட ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துச்சொல்லும் ஆய்வுக் கணக்கு. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தை பைக்கில் வந்தால் ஹெல்மெட், உடம்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. குழந்தையை டேங்க் மேல் உட்காரவைத்துக் கடைக்குப் போகும் அப்பாக்கள் கவனிக்க.

வேகமும் இடைவெளியும். 60-ல் போகும்போது மூன்று விநாடி போனைப் பார்த்தால் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போல. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை, ரோட்டில் பாசி. முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியபின் நீங்கள் அந்த மரத்துக்கு வர மூன்று விநாடியாவது ஆகவேண்டும், மழையென்றால் ஆறு. இந்த இடைவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு ஸ்பீட் கேமரா ஒரு பொருட்டே இல்லை.

காலியான ரோட்டிலும் இண்டிகேட்டர். "யாருக்காகய்யா போடுற?" என்று கேட்பார்கள். எனக்காகத்தான். ஜங்ஷன் வந்தால் நின்று, இருபக்கமும் பார்த்துப் போவதும் அப்படித்தான். இங்கே நிற்கப் பழகிய கால் அண்ணா சாலையில் ஸ்டாப் லைனுக்குப் பின்னால் தானாகவே நிற்கும்.

வண்டி உடம்பு. கடல் காற்று இரும்பைத் தின்கிறது. பிரேக் கேபிள், சைலன்சர், நம்பர் பிளேட் ஸ்க்ரூ எல்லாம் சீக்கிரமே துருப்பிடிக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கப்பலில் வரவேண்டும். அதனால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, பிரேக் லைட் எரிகிறதா, நம்பர் பிளேட் படிக்கத் தெரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

காகிதம். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். தமிழ்நாட்டு நம்பர் பைக்கைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். இந்தியா முழுக்க லைசென்ஸ் செல்லும், சரி. ஆனால் வண்டி வேறு மாநிலத்திலோ யூனியன் பிரதேசத்திலோ 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அந்த ஊர் நம்பருக்கு மாற்றவேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வேண்டும். கிளம்பும் முன்பே வாங்கிவிட்டால் ஒரு கப்பல் டிக்கெட் மிச்சம்.

இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டின் காலாவதித் தேதியையும் போன் காலண்டரில் போட்டுவையுங்கள். புகைச் சான்று இல்லையென்றால் சட்டப்படி 10,000 வரை போகலாம். பரிவாஹன் தளத்தில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நம்பர் இருந்தால் செல்லான் வந்ததே தெரியாது. டிஜிலாக்கரில் உள்ள லைசென்ஸும் ஆர்.சி.யும் சட்டப்படி செல்லும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் இந்தத் தீவு வரை வந்ததில் நெட் பரவாயில்லை. இருந்தாலும் அது படுத்துக்கொள்ளும் நாளுக்காக ஒரிஜினல் பாலிதீன் கவரில் இருக்கட்டும்.

கடைசியாக, எங்கள் வீட்டு விவகாரம். மகன் பதினொன்றாம் வகுப்பு. "அப்பா, இங்க எல்லாப் பசங்களும் ஸ்கூட்டி ஓட்டுறாங்க, ஸ்கூலுக்கு நானும் எடுத்துட்டுப் போறேன்" என்றான். 16 வயதில் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். நம் வீட்டு ஸ்கூட்டி 110 சி.சி. அதற்கு 18 ஆகவேண்டும். மைனர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதையெல்லாம் சொன்னேன். "இங்க யாருப்பா பிடிக்கப்போறா?" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் சொன்னவர் பக்கத்துவீட்டு சர்தார்ஜி தாத்தா. ராணுவத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். பால் வாங்க அரை கிலோமீட்டர் போவதற்கும் மெதுவாக, இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிற மனிதர். அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "பேட்டா, இங்கே போலீஸ் பிடிக்காமல் விடலாம். ஆனால் மண்டை உடைந்தால் ஸ்கேன் எடுக்கப் போர்ட் பிளேர் போகணும். மழையில் ஹெலிகாப்டர் வராது. கப்பல் உன் அவசரத்துக்குக் கிளம்பாது."

ஊர் பேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, தாத்தாவுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். தூரம் மட்டும் மாறவில்லை, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். மகன் அதற்குமேல் பேசவில்லை. இப்போது சைக்கிளில் போகிறான், ஹெல்மெட்டோடு. முகம் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கிறது, பரவாயில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் ஹெல்மெட் போடாதவர்கள் மட்டும் 50,029. செல்லான் வந்தால் கட்டிவிடலாம். இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களுக்குக் கட்ட எதுவும் மிச்சமில்லை. நீங்கள் துபாயோ, சிங்கையோ, சிகாகோவோ, எங்கே ஓட்டினாலும் இதே கதைதான்.

பி.கு.: "உங்கள் வண்டிக்குச் செல்லான்" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஃபைல் வந்தால் திறக்காதீர்கள், பேங்க் கணக்கைச் சுரண்டும் கும்பல் வேலையாக இருக்கலாம். பரிவாஹனின் அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.