கடத்தல் வண்டிக்குள் ஒரு கட்டுத்துணி!

ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க. தமிழ் சினிமா. ஹீரோயின் காலேஜ் விட்டுத் தனியா நடந்து வர்றாங்க. பின்னாடியே ஒரு வண்டி மெதுவா வருது. சைடு கதவு 'சர்ர்ர்'னு திறக்குது. நாலு கை நீளுது. ஹீரோயின் உள்ளே!

என்ன வண்டின்னு நான் வேற சொல்லணுமா? மாருதி ஆம்னி! 1984-ல 'மாருதி வேன்'ங்கிற பேர்ல வந்து, அப்புறம் ஆம்னியாகி, 2019-ல தயாரிப்பு நிக்கிற வரைக்கும் 35 வருஷம் ஓடின வண்டி. ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், காய்கறி வண்டி, கடத்தல் வண்டின்னு அது போடாத வேஷமே கிடையாது. 796 சி.சி., மூணு சிலிண்டர், இன்ஜின் இருக்கிற இடம் முன் சீட்டுக்கு அடியில. கொஞ்ச தூரம் ஓட்டினாலே சீட் இட்லித் தட்டு மாதிரி சூடாகிடும்.

அப்படி ஒரு 1998 மாடல் ஆம்னி எங்க தாத்தாகிட்ட இருந்தது. ஊர் கான்சாபுரம். எங்கே இருக்குன்னு தலையைச் சொறியாதீங்க. 2025-ல ரீல்ஸ்ல உலகப் புகழ் அடைஞ்ச கூமாபட்டி தெரியும்ல? அதுக்குப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கிட்டு வத்திராயிருப்பு பஸ் ஏறினீங்கன்னா வந்துடலாம்.

ஆடி அமாவாசைன்னா குடும்பமே அந்த வண்டியில ஏறும். சதுரகிரி மலை அடிவாரம், தாணிப்பாறை. பின் சீட்டை மடக்கி ஜமுக்காளம் விரிச்சா அதுதான் எங்க பெட்ரூம். ஆச்சி கட்டிக் கொடுத்த புளியோதரை, தாத்தாவோட குறட்டை, கதவு வழியா தெரியற மலை. ஜெர்மனிக்காரங்க ஃபோக்ஸ்வாகன் வேன்ல கட்டிலும் அலமாரியும் வெச்சு 1950-கள்லயே ஊர் சுத்தினாங்க, 2021-ல கேரளா கேரவன் சுற்றுலாவுக்குன்னே தனிக் கொள்கை அறிவிச்சதுங்கிறதெல்லாம் இன்ஜினீயரிங் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 'கேம்பர் வேன்'ங்கிற வார்த்தை தெரியாமலே கேம்பர் வேன்ல தூங்கி வளர்ந்த பொண்ணு நான்!

போன வருஷம் தாத்தா இறந்துட்டார். வண்டி வேப்பமரத்தடியில நின்னுடுச்சு.

இந்த செமஸ்டர் லீவுக்குப் போனப்போ மாமா சொன்னார். "பழைய இரும்புக்காரர் 22 ஆயிரம் தர்றேன்றார். குடுத்துடலாம்." ஆச்சி ஒண்ணும் சொல்லலை. திண்ணையில உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே இருந்தாங்க. முழங்கால் வலியால பஸ் படி ஏற முடியாது அவங்களால. ஆம்னியோட தாழ்வான படிதான் அவங்களுக்குத் தோது.

"இன்ஜின் நல்லாத்தானே மாமா இருக்கு? ஆர்.சி.யைக்கூட 2023-ல தாத்தா புதுப்பிச்சுட்டார். 2028 வரைக்கும் செல்லும்."

"இன்ஜின் கெடக்கட்டும். உள்ளே ஏறிப் பாரு. மனுஷன் உட்காருவானா? உங்க ஆச்சியே ஏற மாட்டேன்றாக."

ஏறிப் பார்த்தேன். மாமா சொன்னதுல தப்பே இல்லை. கதவு அட்டையெல்லாம் ஊறி, உப்பி, அப்பளம் மாதிரி வளைஞ்சு தொங்குது. ரெக்ஸின் வெடிச்சு, தொட்டா மஞ்சள் பொடி கொட்டுது. எலி வேற குடித்தனம் பண்ணியிருக்கு.

"நான் சரி பண்றேன் மாமா. லீவு முடியறதுக்குள்ள ஆச்சியை இதுல உட்கார வைக்கலைன்னா இரும்புக்கடைக்கே குடுத்துடுங்க."

சொல்லிட்டேன். மெக்கானிக்கல் மூணாம் வருஷம்ங்கிற திமிர். தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் இல்லாதவளுக்கு அட்டையில ரெக்ஸின் ஒட்டத் தெரியாதா என்ன?

தெரியலை பாஸ்!

முதல் தடை, கண்ணாடி ஏத்துற கைப்பிடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஸ்க்ரூ இல்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு குஷன் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி சிரிச்சார். "உள்ளுக்குள்ள லாடம் மாதிரி ஒரு கிளிப் இருக்கும் பாப்பா. பழைய துணியை இடுக்குல விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழு. பூட்ஸ் துடைக்கிற மாதிரி. கிளிப் தெறிச்சு ஓடும், எங்க விழுதுன்னு பாத்துக்க." ரெண்டே இழுப்பு. தெறிச்சு ஓடிச்சு. சாணிக்குள்ள போய் விழுந்துச்சு. அது தனிக் கதை.

அட்டையைக் கழட்டினதும்தான் வியாதிக்கான காரணம் புரிஞ்சது. மழைத் தண்ணி கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். எல்லாக் காருலயும் அப்படித்தான். அது வெளியே போகக் கதவோட அடியில ஓட்டை வெச்சிருப்பாங்க. அட்டை நனையாம இருக்கத் தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவுல ஒரு பாலித்தீன் ஷீட் ஒட்டியிருப்பாங்க. எங்க வண்டியில ஓட்டையை மண் அடைச்சிருச்சு. ஷீட் எப்பவோ கிழிஞ்சு போச்சு. ஹார்ட்போர்டுங்கிறது மரத்தூளும் நாரும் அழுத்தின பலகைதான். தண்ணி பட்டா ரஸ்க் மாதிரி ஊறிடும். அந்த மஞ்சள் பொடி? பாலியூரித்தேன் ஃபோம். ஈரமும் சூடும் காத்தும் சேர்ந்து பல வருஷத்துல அதை அரிச்சுப் பொடியாக்கிடும். ரெக்ஸின் வெடிச்சதுக்குக் காரணம் வெயில். பி.வி.சி.யை வளைய வைக்கிற எண்ணெய்ப் பொருள் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிட்டா, மிச்சம் இருக்கிறது வெறும் முறுகல்!

சரி, களத்துல இறங்கினேன். 3 எம்.எம். ப்ளைவுட் வாங்கி, பழைய அட்டையை மேல வெச்சுப் பென்சில்ல வரைஞ்சு வெட்டினேன். ஓரத்துக்கு வார்னிஷ். ரெக்ஸின் 54 இன்ச் அகலத்துல வரும். சாம்பல் நிறத்துல ஏழு மீட்டர். ரப்பர் பசையைப் பூசினேன், உடனே ஒட்டினேன். இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. மூணு அட்டை ஒரே நாள்ல! போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்ல போட்டு லைக் வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம். வெயில்ல நிறுத்தியிருந்த வண்டியைத் திறந்தா, மூணு அட்டையிலயும் பூரி! உப்பிக் கிடக்கு. மாமா எட்டிப் பார்த்துட்டு, "கெழங்கு எங்கத்தா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார்.

அழுகை வந்துடுச்சு. மறுபடி அண்ணாச்சி.

"பசையை ரெண்டு பக்கமும் பூசுனியா?"

"அட்டையில மட்டும்தான் அண்ணாச்சி."

"காய விட்டியா?"

"காஞ்சுட்டா எப்படி ஒட்டும்?"

"அதான் பாப்பா வித்தையே. ரெண்டு பக்கமும் பூசு. பத்து, பதினஞ்சு நிமிஷம் சும்மா இரு. விரலை வெச்சா பிசுக்குன்னு இருக்கணும், ஆனா விரலோட வரக் கூடாது. அப்பம் ஒட்டு. நடுவுல இருந்து ஓரத்துக்கு நீவிக்கிட்டே போ. ஒரு தடவை பட்டா பட்டதுதான், எடுத்து ஒட்ட முடியாது."

பசையில இருக்கிற கரைப்பான் முதல்லயே ஆவியாகிடணும். ஈரத்தோட மூடினா அது உள்ளேயே மாட்டிக்கிட்டு, வெயில்ல சூடாகி ஊதிடும். பரிட்சையில கேட்டிருந்தா பத்து மார்க்குக்கு எழுதியிருப்பேன். கையில பசையோட நிக்கறப்போ ஞாபகம் வரலை! அண்ணாச்சி இன்னும் ரெண்டு சொன்னார். வளைவுல மடிக்கிறப்போ ரெக்ஸினை 'வி' மாதிரி வெட்டி விடணும், இல்லைன்னா சுருக்கம் விழும். பூட்டின வண்டிக்குள்ள பசையைத் திறக்கவே கூடாது. அந்த வாடையே ஆளைக் கிறுகிறுக்க வெச்சுடும்.

மறுபடி ரெக்ஸின் வாங்க என் பாக்கெட் மணி காலி. இந்தத் தடவை நிதானமா ஒவ்வொண்ணா செஞ்சேன். கடைசியா இடது பக்க ஸ்லைடிங் கதவு. அந்த அட்டையோட ரெக்ஸினை உரிச்சேன். பொடி கொட்டலை.

உள்ளே துணி. வெள்ளையா, சல்லடை மாதிரி, மடிச்சு மடிச்சு வெச்சுச் சுத்தித் தையல் போட்ட துணி. பழுப்பேறியிருந்துச்சு, ஆனா நூல் ஒண்ணுகூட நையலை. பேண்டேஜ் துணி! ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி இருக்கே, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர், அங்கேதான் தாத்தா தறியில வேலை பார்த்தார். ஆனா, கதவுக்குள்ள எதுக்கு?

ஆச்சிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தாங்க.

"நான் அந்தப் பக்கந்தான் உக்காருவேன் தாயி. வண்டி குலுங்கையில முழங்கை இடிச்சு இடிச்சுக் கன்னிப் போச்சு. ஒரு நா சொன்னேன். மறு நா இத வெச்சுத் தச்சுருக்காரு. எங்கிட்ட சொல்லவே இல்ல. 'இப்ப இடிக்குதா?'ன்னு மட்டும் கேட்டாரு."

எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் தாத்தா போன் பண்ணியிருந்தார். "வண்டியில உள்ள கொஞ்சம் வேலை கெடக்கு தாயி. லீவுல வா, ரெண்டு பேருமா பாப்போம்." "இன்டர்னல் இருக்கு தாத்தா, அப்புறம் வர்றேன்"னு வெச்சுட்டேன். அப்புறம்ங்கிற லீவு வர்றதுக்குள்ள அவர் போயிட்டார். எந்த சப்ஜெக்ட் இன்டர்னல்னு இப்போ யோசிச்சா ஞாபகமே வரலை பாஸ்.

அண்ணாச்சி சொன்னார், "தூக்கிப் போட்ரு பாப்பா. புது ஃபோம் வெச்சாத்தான் மட்டமா நிக்கும். துணி வெச்சா துருத்திக்கிட்டுத் தெரியும்." தொழில்படி அவர் சொன்னது சரி. ஆனா முதல் தடவையா அவர் பேச்சை மீறினேன். துணியைத் துவைச்சு வெயில்ல காய வெச்சு, அதே இடத்துல வெச்சு, அதே மாதிரி தையல் போட்டு, மேல ரெக்ஸினை ஒட்டினேன். பத்து நிமிஷம் காய விட்டுத்தான்! உள்ளே ஓட்டையைக் குத்தி விட்டு, புது பாலித்தீன் ஷீட்டும் ஒட்டியாச்சு.

லீவு முடிய ரெண்டு நாள் இருக்கு. மாமா வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். தட்டிப் பார்த்தார். இடது கதவுல விரலை வெச்சார். "எல்லாம் சரி, இங்க மட்டும் என்ன வீங்கியிருக்கு? மறுபடி பூரியா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள ஆச்சி படியில கால் வெச்சு ஏறி, அந்தப் பக்கமா உட்கார்ந்து, சரியா அந்த வீக்கத்து மேல முழங்கையை வெச்சாங்க.

"எடுடா வண்டிய. தாணிப்பாறை வரைக்கும் போயிட்டு வருவோம்."

மாமா சாவியை எடுத்தார். இரும்புக்காரருக்கு அன்னிக்கு ராத்திரியே போன் போயிடுச்சு, வேண்டாம்னு.

அட்டையில பசை ஒட்ட எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு இப்போ எனக்குத் தெரியும். ஆனா, வீட்டுல யாராவது "லீவுல வா, ஒரு வேலை இருக்கு"ன்னு கூப்பிட்டா மட்டும் காத்திருக்காதீங்க. முதல் பஸ்ஸைப் பிடிங்க!