இளையவன் வாங்கிய பட்டம்

எங்கள் கிளாவரையில் தகப்பனின் பூண்டு வயல் பிள்ளைகளுக்குப் பங்காகும். நால்வரில் இளையவனான எனக்கு வந்தது இரண்டு படிக்கட்டுத் துண்டுகள். பிழைப்புக்கு மலையிறங்கினேன். பங்கு போடவே முடியாத சொத்தொன்றும் உண்டு: பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டம்.

கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கிய மதுரை ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்சும் இளையவர்தான். அவர் குடும்பத்துக்கு அயர்லாந்தில் 1704இல் 'பாரோனெட்' பட்டம் கிடைத்தது. பிரபுக்கள் சபையில் இடம் தராது. பெயருக்கு முன் 'சர்' சேரும், அவ்வளவே. (நம் 'ராவ் பகதூர்' பெற்றவரோடு மறையும், இது வாரிசைத் தேடிப் போகும்.) பட்டம் மூத்தவருக்கே உரியது. ஏரிக்குக் கரை எழுப்பியபோது இவர் வெறும் லெவிஞ்ச். ஏழாவது பாரோனெட்டான அண்ணன் 1884இல் பிள்ளையின்றி இறந்தபின், அறுபதைக் கடந்த வயதில் 'சர்' ஆனார். மறுவருடமே காலமானார்.

மூத்தவராகப் பிறந்திருந்தால் இம்மலைக்கு வந்திருப்பாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பட்டமோ நிற்கவில்லை. பத்தாவது பாரோனெட் 1914இல் போரில் மடிந்தபோது, அது மூன்று வயதுக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.